செஞ்சிக் கோட்டையும் முறைக்காய்ச்சலும்

புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகி ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகியும் செஞ்சி மலைகளின்மீது பிரெஞ்சுக் கொடியை இறக்காமல் அமர்ந்திருந்த மக்கிரெகர் என்ற தளபதி, 1761 ஏப்ரலில் கௌரவமான நிபந்தனைகளுடன் கோட்டையை ஒப்படைக்க முன்வந்தபோது, முற்றுகையிட்டிருந்த காப்டன் ஸ்மித் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. ஊரிலும் மலையிலுமாக ஆங்கிலேயரின் சிப்பாய்களில் 300 பேர் அதற்குள் நோயில் மாண்டிருந்தனர். கர்நாடகப் பிரதேசத்தில் செஞ்சியைப்போல் ஆரோக்கியத்துக்குக் கேடான ஸ்தலம் வேறில்லை என்பது அக்காலத்தில் பிரசித்தம். ஒரே சமயத்தில் 100 ஐரோப்பியருக்கு மேல் அங்கே வைத்துக்கொள்ளாத பிரெஞ்சுக்காரர், தாங்கள் ஆண்ட பத்து வருஷங்களில் 1,200 பேரைப் பறிகொடுத்ததாக வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் எழுதிவைத்திருக்கிறார். அதாவது, காவற்படை முழுவதும் வருஷந்தோறும் அழிந்து வருஷந்தோறும் புதிதாக வந்து சேர்ந்தது என்று பொருள். இப்படிப்பட்ட கணக்குகளில் மிகை கலந்திருக்கலாம். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும், 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் ஏறிப் பிடித்த கோட்டையை வைத்துக்கொள்வதற்கு அவர்கள் கொடுத்த விலை மலைப்பூட்டுவதுதான்.

துரைமார்கள் அந்த மலைக் காற்றின்மேல் பழி போட்டார்கள். இத்தகைய ஊர்களைப்பற்றி நம் ஜனங்கள் 'அந்தத் தண்ணீர் உடம்புக்குச் சேராது' என்பது வழக்கம். காரணத்தை அறியாமல் சொன்னதாயினும், உண்மைக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது ஜனங்களின் பேச்சே. செஞ்சியின் பலம் அதன் மதிலில் மட்டும் இருக்கவில்லை. ஏறக்குறைய 800 அடி உயர்ந்து நிற்கும் இராஜகிரியின் உச்சியிலும் ஜலம் உண்டு. அடிவாரத்தில் செட்டிகுளம், சக்கரகுளம், கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் யானைக்குளம், பாறைதோறும் மழைநீர் தேங்கும் குழிகள், மகாலின் மாடிக்கே தண்ணீரை ஏற்றிய மண்குழாய்கள் என்று, நாயக்கர் காலத்திலும் பின்னரும் செய்துவைத்த ஏற்பாடுகள் இன்றும் பார்ப்பவரை வியக்கச் செய்வன. 1690 முதல் 1698 வரை மொகலாயத் தளபதி ஜுல்பிகார் கானுடைய சைன்யம் சூழ்ந்திருந்த காலத்தில் மராட்டிய மன்னர் இராஜாராம் உள்ளே தாக்குப்பிடிக்க முடிந்ததென்றால், அந்தத் தண்ணீருக்கும் அதில் பங்குண்டு. ஆனால் சேமித்த நீர் மனிதருக்கு மட்டும் உதவுவதில்லை. முறைக்காய்ச்சலான மலேரியாவைச் சுமக்கும் அனோபிலிஸ் கொசு, சாக்கடையைவிடத் தெளிந்த நீரையே பெரிதும் விரும்புவது. அதன் புழு, மற்றக் கொசுப்புழுக்களைப்போலத் தலைகீழாகத் தொங்காமல், நீர்மட்டத்தோடு மட்டமாக ஒரு துரும்பைப்போல் படிந்து கிடக்கும். பத்து நாட்களுக்குள் அது இறக்கை முளைத்துப் பறந்துவிடும். அந்தக் கொசுவின் வயிற்றில் நோய்க்கிருமி வளர்வதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897 ஆகஸ்டு 20-ஆம் தேதி. செஞ்சியில் செத்தவர்களுக்கு அது ஒரு நூற்றாண்டுக்குமேல் பிந்தி வந்த செய்தி. அங்கே மாண்டவர் அனைவரையும் கொசுவின் கணக்கிலேயே எழுதிவிடவும் கூடாது. முற்றுகைப் பாசறைகளில் வயிற்றுக்கடுப்புக்கு எப்போதும் ஒரு பங்கு உண்டு.

சரி, நோயாளிக்கு அக்காலத்தார் என்ன புத்தி சொன்னார்கள்? ஐரோப்பிய வைத்தியர்கள் காய்ச்சல்காரனுக்குக் கத்தி வைத்து இரத்தத்தை வடித்தார்கள். ஏற்கெனவே இரத்தம் செத்துக் கிடந்தவனுக்கு இது எமனுக்குத் துணைபோவதேயன்றி வேறன்று. நம் வைத்தியர்களோ ஒருநாள் விட்டு ஒருநாள் வருவது, இரண்டு நாள் விட்டு வருவது என்று முறைக்காய்ச்சலைப் பிரித்தறிந்து, முதலில் லங்கணம் போட்டு, பிறகு பொரியரிசிக் கஞ்சி, சீரகம் போட்டுக் காய்ச்சிய வெந்நீர் என்று படிப்படியாக ஆகாரத்தைத் திருப்பினார்கள். நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சந்தனம், சுக்கு, மிளகு கூட்டிய குடிநீர் கசப்பில் ஈடற்றது. அது குளிர்சுரத்தை வேரறுக்கும் என்று நான் சொல்லத் துணியேன். எனினும் அந்தப் பத்தியத்தில் ஒரு விதி என் கருத்தைக் கவர்ந்தது: சுரம் விட்ட மறுநாளே நோயாளியை விட்டுவிடுவதில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பின்னும் சில நாள் புளியும் எண்ணெயும் தயிரும் விலக்கு. 'விட்ட சுரம் திரும்பும்' என்ற பயம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு எப்போதும் இருந்தது.

அந்தக் காய்ச்சலை அடக்கும் மருந்து தென் அமெரிக்காவின் சிங்கோனாப் பட்டையிலிருந்து வந்தது. 1820-இல் பாரிஸில் இரு ரசாயனிகள் அதிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தார்கள். 1860-ஐ ஒட்டி அம்மரம் நீலகிரியில் வேரூன்றி, பின்னர் அங்கே நடுவட்டத்துத் தொழிற்சாலையிலிருந்து கொயினா வரத்தொடங்கிற்று. வங்காளத்தில் 1892 முதல் தபாலாபீசிலேயே காசுக்கு ஒரு பொட்டலம் என்று அதை விற்றார்கள். அந்த ஏற்பாடு பின்னர் மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. வைத்தியரே இல்லாத கிராமத்துக்கு மருந்தைக் கொண்டுபோகத் தபால்காரரைவிடத் தகுந்தவர் கிடையாது என்று கண்டுபிடித்தவரை நாம் மெச்சத்தான் வேண்டும்.

1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்து, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்த பிறகு இந்நோயின் ஆட்சி பெரும்பாலும் ஒடுங்கிற்று. மிச்சமிருந்தது கோட்டைகளை விட்டு நகரங்களுக்குக் குடிபெயர்ந்து, மூடப்படாத கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் புகலடைந்தது; தமிழகத்தில் நெடுங்காலம் மலேரியாவுக்குத் தலைநகராக விளங்கியதும் சென்னையே. இன்று சுகாதாரப் பணியாளர் வாசலில் நின்று தொட்டியை மூடுங்கள், பாத்திரங்களை வாரம் ஒருமுறை கவிழ்த்துக் காயவையுங்கள் என்று சொல்வது, கொசுப்புழுவின் அந்தப் பத்து நாள் வளர்ச்சிக் கணக்கை வைத்துச் சொல்லும் சொல். நோயாளிக்குச் சொல்வது வேறு. நம் பக்கத்தில் மிகுதியாகக் காணும் வைவாக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் பதுங்கியிருந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடி எழும். மூன்று நாள் குளோரோகுயின் மாத்திரையில் சுரம் விட்டுவிடும். பதுங்கிய கிருமியை ஒழிக்கும் பிரைமாகுயினை 14 நாள் உண்ண வேண்டும். அது கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆகாது. இரத்தத்தில் ஒருவகைக் குறை உள்ளவர்களுக்குத் தீங்கும் செய்யும் என்பதால் மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது. வெளிப்பார்வைக்கு நோயே இல்லாத எஞ்சிய பதினொரு நாட்களில்தான் பெரும்பாலோர் மாத்திரைப் பொட்டலத்தை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள்.