மேசையும் அலமாரியும்: மெய்நிகர் நினைவகத்தின் கதை

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டில் கணினி வைத்திருந்தவர்களுக்கு அந்த அறிவிப்பு ஞாபகம் இருக்கும். விர்ச்சுவல் மெமரி போதவில்லை என்று திரையின் மூலையில் எட்டிப் பார்க்கும். விஷயம் தெரிந்த யாராவது உடனே, "ரேம் எவ்வளவோ அதைப்போல ஒன்றரை மடங்கு போடு, சரியாகிவிடும்" என்பார். இந்த மெய்நிகர் நினைவகம் எங்கிருந்து வந்தது? அதன் அளவை யார் முடிவு செய்ய வேண்டும், நாமா, கணினியா? இந்தக் கேள்விக்கு வயது அறுபதுக்கும் மேல். கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ரேம் என்பது நாம் படிக்கும் மேசை. வன்தட்டு என்பது புத்தக அலமாரி. மேசையில் இடம் குறைவு, ஆனால் கை நீட்டினால் புத்தகம் கிடைக்கும். அலமாரியில் இடம் நிறைய, ஆனால் எழுந்து போக வேண்டும். மேசை நிறைந்துவிட்டால், இப்போதைக்கு வேண்டாத புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு வேண்டியதை எடுத்து வருவோம் அல்லவா? மெய்நிகர் நினைவகம் செய்வதும் அதுதான்.

1950களில் இந்த வேலையை மனிதர்களே செய்தார்கள். நிரலைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டு எப்போது நினைவகத்துக்கு வர வேண்டும், எது வெளியே போக வேண்டும் என்று நிரலரே எழுதி வைக்க வேண்டும். இதற்கு ஓவர்லே என்று பெயர். கணக்கைப் போடுவதைவிட இந்த இட நெருக்கடியைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு!

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையிலான குழு இதற்கு வழி கண்டது. 1962 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினியில் இருந்த வேகமான நினைவகம் 16,384 சொற்கள் மட்டுமே. அதன் பின்னால், மெதுவாக இயங்கும் காந்த உருளையில் 98,304 சொற்கள். இரண்டையும் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, எல்லாம் ஒரே நினைவகம் போலத் தெரியும்படி செய்தார்கள். எந்தப் பக்கம் உள்ளே, எது வெளியே என்பதைக் கணினியே முடிவு செய்தது.

சந்தேகப்பட்டவர்கள் சும்மா இருப்பார்களா? திறமையான நிரலர் கையால் செய்வதற்கு இயந்திரம் ஈடாகுமா என்ற வாதம் பல வருடம் ஓடியது. ஐபிஎம் நிறுவனத்தின் டேவிட் சேயர் 1969இல் வெளியிட்ட ஆய்வில், நன்றாக அமைக்கப்பட்ட தானியங்கி முறை கைவேலைக்கு ஈடுகொடுக்கிறது என்று காட்டினார்.

இடையில் இன்னொரு சிக்கலும் வந்தது. ஒரே நேரத்தில் பல நிரல்களை ஓட்டியபோது, கணினி பக்கங்களை மாற்றி மாற்றி எடுத்து வருவதிலேயே நேரத்தைக் கழித்தது. உருப்படியாக ஒரு வேலையும் நடக்கவில்லை. இதைத் திராஷிங் என்கிறார்கள். எம்ஐடியில் முனைவர் பட்டத்துக்குப் படித்த பீட்டர் டென்னிங் 1968இல் இதன் காரணத்தை விளக்கினார். ஒவ்வொரு நிரலுக்கும் அந்தந்த நேரத்தில் தேவையான பக்கங்களின் தொகுப்பு ஒன்று உண்டு. அந்தத் தொகுப்புகள் எல்லாம் நினைவகத்தில் கொள்ளும் அளவுக்கு மட்டுமே நிரல்களை ஓட்ட வேண்டும்!

பெரிய கணினிகளில் இருந்த இந்த வசதி வீட்டுக்கு வரக் கொஞ்ச காலம் ஆனது. 1985இல் இன்டெல் 80386 சில்லு பக்க முறையோடு வந்தது. 1990இல் வெளியான விண்டோஸ் 3.0 அதைப் பயன்படுத்தியது. 2001இல் எக்ஸ்பி வந்தபோது, 256 எம்பி ரேம் உள்ள கணினியில் பேஜிங் கோப்பின் ஆரம்ப அளவு 384 எம்பி, அதிகபட்சம் 768 எம்பி. அந்த ஒன்றரை மடங்கு இதுதான்! கூடவே அளவை நாமே மாற்றும் ஒரு பெட்டியும் இருந்தது. கோப்பு வன்தட்டில் சிதறாமல் இருக்க இரண்டு அளவையும் ஒன்றாகவே வைத்தவர்கள் பலர்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அளவைக் கூட்டினால் அறிவிப்பு நிற்கும், கணினி வேகமாகாது. அலமாரியைப் பெரிதாக்கினால் மேசை பெரிதாகுமா? பழைய வன்தட்டு ரேமைவிடச் சுமார் லட்சம் மடங்கு மெதுவானது. டென்னிங் சொன்ன தீர்வுதான் அங்கும் பொருந்தும்: ஓடும் நிரல்களைக் குறைக்க வேண்டும், அல்லது ரேமைக் கூட்ட வேண்டும்.

இன்று ரேமும் பெருகிவிட்டது, எஸ்எஸ்டியும் வந்துவிட்டது. அதனால் இந்தக் கோப்பையே நிறுத்திவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நிறுத்தினால் ரேம் தீரும் வேளையில் நிரல்கள் ஒதுங்க இடமில்லாமல் பாதியில் நின்றுபோகும், செய்துகொண்டிருந்த வேலையும் போகும். விண்டோஸ் தானே நிர்வகிக்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் பெரும்பாலோருக்கு நல்லது.

மனிதனா இயந்திரமா என்ற அந்தப் பழைய வாதத்தின் மிச்சம்தான் அந்தச் சின்னப் பெட்டி. அடுத்த முறை அதைத் திறக்கும்போது மான்செஸ்டரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.