எடின்பரோவின் பழைய வீதி



ஒரு நகரத்தின் வரலாற்றை அறிய வழிகள் பல உண்டு. நூல்களைக் கற்கலாம், கற்றாரைக் கேட்கலாம். ஆயினும், அந்நகரின் பழைய வீதியில் நடந்து, ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் நின்று, இதனை யார் கட்டினர், இதில் யார் வாழ்ந்தனர், இஃது இன்று வரை எவ்வாறு நிலைத்தது என்று வினவுவதற்கு ஈடான வழி வேறில்லை. ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் அவ்வாறு நடந்து நான் கற்ற ஒரு பாடத்தை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்நகரின் அமைப்பை மனத்திற் கொள்ளுங்கள். மேற்கே கரிய பாறையொன்று செங்குத்தாக நிற்கிறது. அது பல கோடி ஆண்டுகளுக்கு முன் அணைந்துபோன எரிமலையின் எச்சம். பனியூழிக் காலத்தில் மேற்கிலிருந்து நகர்ந்து வந்த பனியாறு அப்பாறையில் மோதி இரு கூறாகப் பிரிந்து சென்றது. பாறையின் மறைவில், கிழக்குப் புறமாக, ஒரு மேடு வால்போல் நீண்டு எஞ்சியது. பாறையின் உச்சியில் கோட்டை. வாலின் முடிவில் ஹாலிரூட் அரண்மனை. இரண்டையும் இணைத்து ஏறத்தாழ ஒரு மைல் நீளத்திற்கு ஒரே வீதி. அதற்கு ராயல் மைல் என்று பெயர். பலர் கோட்டையிலிருந்து இறங்கி வருவர். நான் அரண்மனையிலிருந்து மேலேறிச் சென்றேன். ஏறுவோர் மெல்ல நடப்பர். மெல்ல நடப்போர் மிகுதியாகக் காண்பர்.

அரண்மனையின் அருகே கூரையில்லாத ஒரு மடாலயக் கோயில் நிற்கிறது. முதலாம் டேவிட் மன்னர் 1128இல் நிறுவிய மடாலயத்தைச் சேர்ந்தது அது. அதன் கூரையைப் பகைவர் தகர்க்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் அதனைச் செப்பனிட முயன்றோர் கனமான கற்பலகைகளை மேலே ஏற்றினர். அச்சுமையைத் தாங்காது 1768இல் கூரை இடிந்து வீழ்ந்தது. நன்மை செய்யக் கருதினும், கட்டடத்தின் வலிமையை அறியாது கை வைத்தால் கேடு விளையும் என்பது வீதியின் வாயிலிலேயே நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை.

மேலே சென்றால் கேனன்கேட் பகுதி. அங்கே 1591இல் எழுந்த பழைய நகர்மன்றக் கட்டடத்தைக் காணலாம். அருகிலுள்ள கோயில் தோட்டத்தில், பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1790இல் அடக்கம் செய்யப்பட்டார். இன்னும் சற்று ஏறினால், வீதிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு பழைய வீடு நிற்கிறது. சமயச் சீர்திருத்தத் தலைவர் ஜான் நாக்ஸ் வாழ்ந்த வீடு என்று மக்கள் அதனை நெடுங்காலமாக வழங்கி வந்தனர். போக்குவரவுக்கு இடையூறு என்று 1840களில் அதனை இடிக்கக் கருதினர். நாக்ஸின் பெயரே அதனைக் காத்தது.

பெரியோர் பெயரால் ஒரு வீடு பிழைத்தது. பெயரற்ற எளியோர் வாழ்ந்த வீடுகளின் நிலை யாது? அவ்வினாவோடு சில அடிகள் நடந்தால் பெய்ஸ்லி குளோஸ் என்னும் சந்தின் வாயிலுக்கு வருகிறோம். குளோஸ் என்பது பெருவீதியிலிருந்து இருபுறமும் பிரிந்து இறங்கும் குறுகிய சந்து. குன்றின் முதுகில் இடம் சிறிது, சுற்றிலும் மதில். ஆதலின் மக்கள் பக்கவாட்டில் பரவ இயலாமல் மேல்நோக்கிக் கட்டினர். ஆறு ஏழு மாடி வீடுகள் எழுந்தன. ஒரே மாடிப்படியில் செல்வரும் ஏழையரும் ஏறி இறங்கினர். 1767இல், வடக்கே அகன்ற வீதிகளோடு புதுநகர் ஒன்று அமைக்க ஜேம்ஸ் கிரெய்க் என்னும் இளைஞர் வரைந்த திட்டத்தை நகரவை ஏற்றது. செல்வர் ஒவ்வொருவராக அங்கே குடியேறினர். பழைய வீடுகளில் ஏழையர் மட்டுமே எஞ்சினர். ஒரு குடும்பம் இருந்த இடத்தில் பல குடும்பங்கள் நெருங்கின. பழுதுபார்ப்பார் இல்லை.

1861ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள். நள்ளிரவு கடந்த நேரம். உறங்கிக்கொண்டிருந்த மக்களோடு அங்கிருந்த மாடிவீடு சரிந்து வீழ்ந்தது. முப்பத்தைந்து பேர் மாண்டனர். இடிபாடுகளைத் தோண்டியவர்கள் நம்பிக்கை இழந்திருந்த வேளையில், அடியிலிருந்து ஒரு சிறுவனின் குரல் கேட்டது. தான் இன்னும் சாகவில்லை என்றும், தொடர்ந்து தோண்டுமாறும் அவன் கூவினான். அவனை உயிரோடு மீட்டனர். பின்னர் அங்கே எழுந்த கட்டடத்தின் வாயிலில் அவன் முகத்தையும் சொல்லையும் கல்லில் செதுக்கி வைத்தனர். அரசர்க்கும் அறிஞர்க்கும் நினைவுச்சின்னங்கள் நிறைந்த அவ்வீதியில், என்னை நெடுநேரம் நிற்கச் செய்தது அச்சிறுவனின் முகமே.

அவ்விபத்து நகரத்தை உலுக்கியது. 1862இல் ஹென்றி லிட்டில்ஜான் என்னும் மருத்துவர் நகரின் சுகாதார அதிகாரியாக நியமிக்கப்பெற்றார். சந்துசந்தாகச் சென்று ஆராய்ந்து 1865இல் அறிக்கை வெளியிட்டார். 1867இல் நகரச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. நெருக்கமான பகுதிகளை இடித்துப் புதிய வீதிகள் போட்டனர். காற்றும் வெளிச்சமும் வந்தன. ஆயினும் இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்த ஏழையர் அனைவர்க்கும் மாற்றிடம் கிடைக்கவில்லை. பல நூற்றாண்டுப் பழமை வாய்ந்த கட்டடங்களும் மறைந்தன. இடியாமல் விட்டால் உயிர்ச்சேதம். இடித்தால் குடியும் வரலாறும் சேதம். இரண்டுக்கும் இடையே வழியே இல்லையா?

அவ்வழியைக் காண இன்னும் மேலே ஏற வேண்டும். முடி சூட்டியது போன்ற கோபுரத்தையுடைய செயின்ட் கைல்ஸ் பெருங்கோயிலைக் கடக்கிறோம். அதன் அருகே 1817இல் இடிக்கப்பட்ட சிறைச்சாலை நின்ற இடத்தை, நெஞ்சின் வடிவில் பதித்த கற்கள் காட்டுகின்றன. இன்றும் சிலர் அதன்மேல் உமிழ்ந்து செல்வர். அதற்கு மேற்கே ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றம். பாட்ரிக் கெடிஸ் என்னும் தாவரவியல் அறிஞர் 1886இல் திருமணம் செய்துகொண்டபின், மனைவி அன்னாவுடன் அங்கே குடிபுகுந்தார். அக்காலத்தில் அது ஏழையர் நெருங்கிய, அழுக்கடைந்த இடம். கணவனும் மனைவியும் அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு சுவர்களைக் கழுவினர், வெள்ளையடித்தனர், வெறுமையாய்க் கிடந்த மூலைகளில் செடி வைத்தனர். இடிந்து விழும் நிலையில் இருந்ததை மட்டும் நீக்கி, உறுதியானவற்றைச் செப்பனிட்டனர். நோயை அறியாமல் மருந்து கொடுக்கலாகாது. அறுக்கும் கத்தி உயிரைக் காக்க வேண்டும். இதுவே கெடிஸின் கொள்கை.

எதிர்ப்புறத்தில் அவர் செப்பனிட்ட ரிடில்ஸ் கோர்ட் இருக்கிறது. ஜான் மக்மோரன் என்னும் வணிகர் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. அவர் முடிவு விந்தையானது. 1595இல் விடுமுறை மறுக்கப்பட்ட மாணவர் சிலர் பள்ளியைக் கைப்பற்றிக் கதவை அடைத்துக்கொண்டனர். நகர அதிகாரியாகிய மக்மோரன் கதவை உடைக்க முயல, ஒரு மாணவன் அவரைச் சுட்டுக் கொன்றான். தலைமையாசிரியனாக இருந்தவன் அவ்வீட்டைச் சற்று அச்சத்தோடு பார்த்தான் என்றால் நீங்கள் நகைக்கக்கூடும்!

அருகே கிளாட்ஸ்டோன்ஸ் லாண்ட் என்னும் ஆறு மாடி வீடு. தாமஸ் கிளெட்ஸ்டேன்ஸ் என்னும் வணிகர் 1617இல் அதனை வாங்கினார். 1934இல் அது இடிக்கப்படவிருந்தது. ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை அதனைக் காத்துச் செப்பனிட்டது. அப்போது பிற்காலப் பூச்சுக்குப் பின்னே மறைந்திருந்த வண்ண ஓவியங்கள் மரக்கூரையில் வெளிப்பட்டன. இடித்திருந்தால் அவை இருந்தன என்பதே தெரியாமற் போயிருக்கும்.

வீதியின் உச்சியில் கோட்டை. அதனுள் உள்ள புனித மார்கரெட் கோயில் நகரின் மிகப் பழைய கட்டடம், பன்னிரண்டாம் நூற்றாண்டினது. பிற்காலத்தார் அதனை வெடிமருந்துக் கிடங்காக்கி மறந்தே போயினர். 1845இல் டேனியல் வில்சன் என்னும் அறிஞர் உற்றுப் பார்த்தமையால்தான் அஃது ஒரு கோயில் என்பது மீண்டும் தெரியவந்தது.

மாணவர்களே! கெடிஸின் கதை எடின்பரோவோடு முடியவில்லை. சென்னை ஆளுநராயிருந்த பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பில் அவர் 1914இல் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் சென்னையின்மீது குண்டு வீசிய அதே எம்டன்தான். புதிதாகப் பொருள்களைத் திரட்டி 1915இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். பின் தஞ்சையிலும் மதுரையிலும் தெருத்தெருவாக நடந்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில், வீடுகளை இடித்து நேரான சந்துகள் அமைக்கும் திட்டம் ஒன்று இருந்தது. பாழடைந்த சில மனைகளை மட்டும் நீக்கித் திறந்தவெளியாக்கி, மரம் நட்டால், பெரும்பாலான வீடுகளை அப்படியே காக்கலாம் என்று கெடிஸ் படம் வரைந்து காட்டினார். ஜேம்ஸ் கோர்ட்டில் கற்ற பாடம் காவிரிக் கரைக்கு வந்தது.

என் குறையையும் சொல்லிவிடுகிறேன். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் பழைய வகுப்பறைக் கட்டடம் ஒன்று மழையில் ஒழுகியது. அதனை இடிக்கலாம் என்ற தாளில் நானும் கையொப்பமிட்டேன். அதற்குமுன் ஒரு முறையேனும் அதனைச் சுற்றி நடந்து பார்த்தேனல்லேன். ஓடுகள் மட்டுமே பழுது, சுவர்கள் மிக உறுதி என்பது கடப்பாரை வளைந்தபோதுதான் தெரிந்தது. பெய்ஸ்லி சந்தின் வாயிலில் நின்றபோது அந்நாள் நினைவுக்கு வந்தது. ஆராயாமல் விட்டதும் பிழை. ஆராயாமல் இடித்ததும் பிழை.

நீங்கள் நாளை பொறியாளராகலாம், நகராட்சி உறுப்பினராகலாம், ஆசிரியராகலாம். அத்தகைய தாள் உங்கள் முன்னும் ஒரு நாள் வரும். அதற்கு இன்றே ஆயத்தமாகுங்கள். வரும் விடுமுறை நாளில் உங்கள் ஊரின் மிகப் பழைய தெருவுக்குத் தாளும் எழுதுகோலுமாகச் செல்லுங்கள். ஒவ்வொரு வீட்டின் திண்ணையையும் தூணையும் கூரையையும் நோக்குங்கள். எது உறுதி, எது பழுது என்று குறியுங்கள். அங்கு வாழும் முதியோரைக் கேளுங்கள். பின்னர் அத்தெருவின் படத்தை வரைந்து உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.