நினைவகக் கசிவு

ஒரு நிரல் தன் காரியத்துக்கெனக் கேட்டுப் பெற்ற நினைவகத்தைக் காரியம் முடிந்த பின்னரும் திருப்பித் தராமையால், நேரம் செல்லச் செல்ல அதன் பிடியிலுள்ள இடம் பெருகிக்கொண்டே போகும் தோஷம். வலைச் சேவையகத்தில் இயங்கும் பிஎச்பி நிரல்கள், ஒவ்வொரு கோரிக்கையின் முடிவிலும் தாம் கொண்ட இடத்தை விடுத்துவிடும் இயல்பினவாதலால், சாதாரணமாக இதற்கு ஆளாவதில்லை. நெடுநேரம் ஓயாது இயங்குவனவற்றிலேயே இது விசேஷமாகத் தலைகாட்டும்.

பிஎச்பி மொழி, ஒரு பொருளை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்று எண்ணிவந்து, அவ்வெண்ணிக்கை பூஜ்யமான கணத்தில் அதனை அழித்துவிடும் முறையை அனுசரிப்பது. இரு பொருள்கள் பரஸ்பரம் சுட்டி நிற்குமாயின், நிரலின் ஏனைய பகுதிகள் அவற்றைக் கைவிட்ட பின்னரும் எண்ணிக்கை பூஜ்யத்தை எட்டாது. ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்ற இருவரைப் போல அவை நிலைத்துவிடும். 2009-இல் வெளிவந்த 5.3 பதிப்பு, பேக்கன், ராஜன் ஆகிய இருவர் 2001-இல் வெளியிட்ட வழிமுறையைத் தழுவி, இத்தகைய சுழல்களைத் தேடிக் களையும் ஏற்பாட்டைச் சேர்த்துக்கொண்டது. ஆயினும் நிலையான மாறியொன்றில் சேர்ந்துகொண்டே போகும் அணியை அது தீண்டாது. நிரல் இன்னும் சுட்டும் பொருள் குப்பையாகாது என்பதே அதன் சித்தாந்தம்.

பரிசோதிக்கும் உபாயம் எளிது: ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் உபயோகத்திலுள்ள அளவைப் பதிந்து நோக்க வேண்டும். ஆரம்பத்தில் ஏறிப் பின் சமநிலை கொள்வது கசிவன்று. நினைவக வரம்பை இயல்பான 128 மெகாபைட்டிலிருந்து உயர்த்துவது தோஷத்தை மறைக்குமேயன்றி நீக்காது. குறித்த எண்ணிக்கையான இணைப்புகளுக்குப் பின் சேய்ச் செயல்முறையை ஓய்வுபெறச் செய்யும் அப்பாச்சி வலைச் சேவையகத்தின் ஏற்பாடும் அத்தகையதே. எனினும் மூலநிரல் கைக்கெட்டாத நூலகத்தில் கசிவு இருக்குமிடத்து அதனை இகழ்வதற்கில்லை.