கொலராடோ செனட் திரும்ப அழைப்புத் தேர்தல்கள், 2013

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களை ஆதரித்த இரண்டு மாநில செனட் உறுப்பினர்களை அவர்களுடைய தொகுதி மக்களே பதவிக்காலம் முடியும் முன் வாக்களித்து நீக்கிய நிகழ்வு. 2013 செப்டம்பர் 10 அன்று இது நடந்தது. நீக்கப்பட்டவர்களில் ஒருவர் செனட் தலைவர் ஜான் மோர்ஸ். கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரின் 11ஆம் தொகுதியைச் சேர்ந்தவர். மற்றவர் பியூப்லோவை உள்ளடக்கிய 3ஆம் தொகுதியின் ஆஞ்செலா ஹிரோன். இருவரும் ஜனநாயகக் கட்சியினர். உறுப்பினரைத் திரும்ப அழைக்கும் உரிமை கொலராடோவின் அரசியலமைப்பில் 1912 முதலே உண்டு. ஆனால் அதன்படி மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பதவி இழந்தது அதுவே முதல்முறை.

பின்னணி

துப்பாக்கிச் சட்டம் என்பது இந்த மாநிலத்தில் ஏட்டளவு விவாதம் அல்ல. 1999 ஏப்ரலில் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு, துப்பாக்கிக் கண்காட்சிகளில் விற்கப்படும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வாங்குபவரின் பின்னணிச் சோதனை கட்டாயம் என்ற முன்மொழிவு நேரடி மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் அதை ஏற்றனர். பின்னர் நடந்தவற்றை எடைபோடும்போது இந்த எண்ணை மறந்துவிடக் கூடாது.

2012 ஜூலை 20 அன்று அரோரா நகரத் திரையரங்கில் 12 பேர் கொல்லப்பட்டனர். கொலையாளி 100 தோட்டாக்கள் கொள்ளும் மேகசின் ஒன்றைப் பயன்படுத்தினான். அது நடுவில் சிக்கி நின்றிராவிட்டால் உயிரிழப்பு இன்னும் கூடியிருக்கலாம். அதே ஆண்டு டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் மாண்டனர். அப்போது கொலராடோவில் ஆளுநர் பதவியும் சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியிடம் இருந்தன. 2013 மார்ச் 20 அன்று ஆளுநர் ஜான் ஹிக்கன்லூப்பர் மூன்று சட்டங்களில் கையெழுத்திட்டார். 15க்கு மேல் தோட்டாக்கள் கொள்ளும் மேகசின்களின் விற்பனைக்கு ஒரு சட்டம் தடை விதித்தது. தனிநபர்களுக்கிடையே நடக்கும் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை தேவை என்றது இன்னொன்று. அந்தச் சோதனைக்கான கட்டணத்தை வாங்குபவரே செலுத்த வேண்டும் என்றது மூன்றாவது.

தொகுதி மக்களின் மனக்குறை

எதிர்த்தவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காக எதிர்க்கவில்லை. சிலருக்கு இது அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் தரும், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தொடும் செயல். வேறு சிலருக்குச் சட்டத்தின் சொற்களே அச்சமூட்டின: 15க்கு மேல் கொள்ளுமாறு எளிதில் மாற்றக்கூடிய மேகசின்களும் தடைக்குள் வரும் என்று இருந்ததால், அடிமூடி கழலும் மேகசின் எல்லாமே குற்றப்பொருள் ஆகிவிடுமோ என்று கேட்டார்கள். ஊரகப் பகுதிகளில், அண்டை வீட்டாருக்குத் துப்பாக்கியை இரவல் கொடுப்பதும் இனிக் குற்றமா என்ற கேள்வி எழுந்தது. 72 மணி நேரம் வரையிலான இரவலுக்கும் நெருங்கிய குடும்பத்தாருக்குள் நடக்கும் கைமாற்றத்துக்கும் சட்டத்திலேயே விலக்கு இருந்தது. ஆனாலும் அச்சம் தணியவில்லை. மாவட்டங்களின் ஷெரிப்களில் பெரும்பாலோர் சட்டங்களை எதிர்த்து வழக்குத் தொடுத்தது அந்த அச்சத்துக்கு வலுச் சேர்த்தது. மேகசின் தயாரிக்கும் மாக்புல் நிறுவனம் மாநிலத்தை விட்டு வெளியேறுவதாக அறிவித்ததால் வேலைவாய்ப்பும் பேச்சில் சேர்ந்துகொண்டது.

இவை எல்லாவற்றையும்விட ஆழமாக இறங்கியது, தங்கள் பேச்சைக் காதில் வாங்கவில்லை என்ற கோபம். மார்ச் மாதத்தில் செனட் குழுக்கள் மசோதாக்களை விசாரித்த நாளில் சாட்சியம் சொல்ல மக்கள் திரண்டு வந்தனர். ஒவ்வொரு தரப்புக்கும் நேர வரம்பு இருந்ததால் பலர் பேசாமலே திரும்பினர். குவியும் மின்னஞ்சல்களைப் படிக்க வேண்டாம் என்று சக உறுப்பினர்களுக்கு ஆலோசனை சொன்னதாக மோர்ஸ் தொலைக்காட்சிப் பேட்டியில் கூறியது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. அவற்றில் வசை நிறைய இருந்தது என்பது அவர் தரப்பு நியாயம். முன்பு காவல்துறைத் தலைவராகவும் அவசர மருத்துவ உதவியாளராகவும் பணியாற்றிய மோர்ஸுக்குத் துப்பாக்கிக் காயம் என்னவென்று தெரியும். பதவியே போனாலும் சட்டம் நிற்க வேண்டும் என்பதே அவர் நிலைப்பாடு. அந்த உறுதி மதிக்கத்தக்கது. ஆனால் எதிர்ப்பவரின் கடிதத்தைப் படிக்க மறுப்பது அந்த உறுதிக்குத் தேவையான ஒன்றல்ல.

பியூப்லோவின் நிலை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. எஃகு ஆலையைச் சுற்றி வளர்ந்த தொழிலாளர் நகரம் அது. தொழிற்சங்கங்களும் லத்தீனோ குடும்பங்களும் நிறைந்த, ஜனநாயகக் கட்சியின் பழைய கோட்டை. 2012இல் ஒபாமா அங்கே எளிதாக வென்றார். வேட்டைக்குப் போவதும் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பதும் அங்கே கட்சி பார்த்து வருவதில்லை. ஹிரோனுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கியவர்களும் கட்சிப் பிரமுகர்கள் அல்லர்; குழாய் வேலை செய்யும் உள்ளூர் இளைஞர்கள். தேவைப்பட்ட 11,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளை அவர்கள் திரட்டினர். தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் பணமும், எதிர்த்தரப்பில் நியூயார்க் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் தந்த 3,50,000 டாலரும் பின்னர் வந்து சேர்ந்தவை.

மக்கள் கருத்தை அளந்த விதம்

தேர்தலுக்குச் சில வாரங்கள் முன், 2013 ஆகஸ்டில், குவினிபியாக் பல்கலைக்கழகம் மாநிலம் முழுவதும் கருத்துக் கணிப்பு நடத்தியது. புதிய துப்பாக்கிச் சட்டங்கள் என்று பொதுவாகக் கேட்டபோது 54 விழுக்காட்டினர் எதிர்த்தனர். 40 விழுக்காட்டினர் ஆதரித்தனர். எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சோதனை வேண்டுமா என்று தனியாகக் கேட்டபோது 82 விழுக்காட்டினர் வேண்டும் என்றனர். மேகசின் வரம்பில் ஏறத்தாழச் சரிபாதிப் பிளவு. சட்டத்தின் மையமான விதியை ஐந்தில் நால்வர் விரும்புகிறார்கள், அதே சட்டத்தொகுப்பைப் பாதிக்கு மேற்பட்டோர் வெறுக்கிறார்கள். இதை முரண் என்று தள்ளிவிட முடியாது. விதியைப் பற்றிக் கேட்டால் விதிக்குப் பதில் வருகிறது. சட்டங்களைப் பற்றிக் கேட்டால், அவற்றைக் கொண்டுவந்தவர்கள் மீதான நம்பிக்கைக்கும் சேர்த்துப் பதில் வருகிறது.

முடிவு

மோர்ஸ் 319 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ஹிரோன் 56க்கு 44 என்ற விழுக்காட்டில் தோற்றார். வேட்பாளர் மனுவுக்கான கெடு பற்றிய நீதிமன்றத் தீர்ப்பால், வழக்கமாக எல்லோர் வீட்டுக்கும் வரும் அஞ்சல் வாக்குச்சீட்டு இம்முறை அனுப்பப்படவில்லை. நேரில் வந்தவர்கள் மட்டுமே பெரும்பாலும் வாக்களித்தனர்: 11ஆம் தொகுதியில் ஐந்தில் ஒருவர், 3ஆம் தொகுதியில் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல். தோல்விக்கு இதுவே காரணம் என்று ஜனநாயகக் கட்சியினர் கூறினர். கொலராடோ ஸ்பிரிங்ஸில் இந்த வாதம் பொருந்தும். பியூப்லோவில் வாக்குப்பதிவு அதிகமாக இருந்தும் தோல்வி பெரிதாக இருந்ததால், அங்கே அது பொருந்தவில்லை.

நீக்கப்பட்டவர்களின் இடங்களை வென்ற பெர்னி ஹெர்பின், ஜார்ஜ் ரிவேரா இருவரும் குடியரசுக் கட்சியினர். செனட்டில் ஜனநாயகக் கட்சியின் பலம் 20லிருந்து 18 ஆனது. 35 பேர் கொண்ட அவையில் ஓர் இடப் பெரும்பான்மை. அதே ஆண்டு நவம்பரில், திரும்ப அழைப்புக்கு மூன்றாவதாகக் குறிவைக்கப்பட்ட ஜனநாயகக் கட்சி செனட் உறுப்பினர் ஈவி ஹூடக் பதவி விலகினார். அதனால் காலியிடம் கட்சிக்குள்ளேயே நிரப்பப்பட்டுப் பெரும்பான்மை காக்கப்பட்டது.

பின்விளைவு

2014 நவம்பரின் பொதுத் தேர்தலில் ஹெர்பினும் ரிவேராவும் தோற்றனர். அதே இரு தொகுதிகள் மீண்டும் ஜனநாயகக் கட்சியிடம் திரும்பின. சட்டங்கள் நீக்கப்படவில்லை. மேகசின் வரம்பு செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஆகவே 2013ஐத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு எதிரான மக்கள் தீர்ப்பு என்று மட்டும் வாசிப்பது தவறு. ஆழமாகப் புண்பட்ட ஒரு பகுதியினர் முறைப்படி பயன்படுத்திய உரிமை அது.

2019இல், ஆபத்தானவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாகப் பறிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் சட்டம் வந்தபோது, அதை முன்வைத்த டாம் சல்லிவன் மீதும் திரும்ப அழைப்பு மனு தொடங்கப்பட்டது. அரோரா திரையரங்கில் மகனைப் பறிகொடுத்தவர் அவர். அந்த மனுவைத் தொடங்கியவர்களே சில வாரங்களில் கைவிட்டனர். 2024 நவம்பரில் துப்பாக்கி, தோட்டா விற்பனை மீது 6.5 விழுக்காடு வரி விதிக்க மாநில வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் ஒப்புதல் அளித்தனர். கழற்றி மாட்டும் மேகசின் கொண்ட குறிப்பிட்ட அரைத்தானியங்கித் துப்பாக்கிகளை வாங்கப் பயிற்சியைக் கட்டாயமாக்கும் சட்டம் 2025 ஏப்ரலில் கையெழுத்தானது. அதை முன்மொழிந்தவர்களில் ஒருவர், அதற்குள் செனட் உறுப்பினராகியிருந்த சல்லிவன்.