பேர் கேட்காத கேமரா

போன வருசம் மேல்விஷாரம் பக்கத்தில் ஒரு சின்ன நூலகத்தில் இரண்டு நாள் ஆவணப்பட விழா நடத்தினோம். எழுத்தாளர்கள், கலைஞர்கள், பண்பாடு பற்றிய படங்கள். தோல் ஷாப்பு வேலை முடிந்து அப்படியே வந்தவர்கள், கல்லூரி மாணவர்கள், எழுதுகிற தோழர்கள் என்று நாற்பது பேர் இருப்போம். நாற்காலி பத்தவில்லை, பாய் விரித்தோம்.

முதல் நாள் சத்யஜித் ரே 1976இல் பாலசரசுவதியைப் பற்றி எடுத்த 'பாலா' போட்டோம். பிறகு எழுத்தாளர்கள் பற்றிய சில படங்கள். கடைசியாக அமுதன் 2003இல் எடுத்த 'பீ'. மதுரைத் தெருவில் மலம் அள்ளும் ஒரு பெண்ணைப் பற்றிய படம் அது. விளக்குப் போட்டதும் ஒருவரும் பேசவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் முப்பது வருசம் நின்று காலெல்லாம் வெந்துபோன பெரியப்பா ஒருவர் எழுந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் கீது நைனா. ஆடறவங்க, எழுதறவங்கன்னா அவங்கள காட்றீங்க. பீ வார்றதுன்னா நம்மள காட்றீங்க. நம்ம ஆளுங்கள்ல பாடறவன், கூத்தாடறவன், எழுதறவன் ஒருத்தனும் இல்லியா?"

அவருக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

தமிழர் எடுத்த முதல் பெரிய ஆவணப்படம் ஏ.கே. செட்டியாரின் 'மகாத்மா காந்தி'. 1940இல் வெளியானது. கப்பலேறி உலகம் சுற்றி 50,000 அடிப் படச்சுருள் சேர்த்தார். அந்த உழைப்பை மதிக்கிறேன். பிற்காலத்தில் அந்தப் படமே காணாமல் போய், அதன் ஆங்கில வடிவம் ஒன்றை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆ. இரா. வேங்கடாசலபதி தேடி எடுத்தார். அய்ம்பதாயிரம் அடி எடுத்த படத்துக்கே இந்த கதி. ஓர் அடிகூட எடுக்கப்படாதவர்கள் கதி என்ன? 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் 1914இல் மறைந்தார். அவர் குரல் நமக்கு இல்லை. அவர் எழுத்து மட்டும் தப்பியது. அதைக் காப்பாற்றியதும் அரசாங்க நூலகம் அல்ல. கோலார் தங்கவயலிலும் திருப்பத்தூரிலும் பவுத்தம் பேசிய நம் முன்னோர்கள் பத்திரிகையைப் படித்துப் பாதுகாத்தார்கள். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் இதழ்களைச் சேர்த்து வைத்தார்கள். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் பதிப்பில் பாளையங்கோட்டையிலிருந்து அயோத்திதாசர் சிந்தனைகள் தொகுதிகளாக வர முடிந்தது. நம் வரலாறு டிரங்குப் பெட்டியில் பிழைத்த வரலாறு.

1948இல் இரண்டு காரியங்கள் நடந்தன. மத்திய அரசு ஃபிலிம்ஸ் டிவிஷனைத் தொடங்கியது. சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. ஃபிலிம்ஸ் டிவிஷன் படங்கள் சினிமாக் கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடின. அணைக்கட்டும் அமைச்சரும் வந்தார்கள், சேரி வரவில்லை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நூலகச் சட்டமோ வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்தது. சேரியில் ஓட்டு வீட்டுக்கு வரி கட்டுகிறவனும் நூலகத்துக்குக் கட்டுகிறான். ஆக நூலகம் எவரும் நமக்குப் போடும் பிச்சை இல்லை. நம்முடைய காசு. அதன் அலமாரியில் நாம் யாராக இருக்கிறோம் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

எங்கள் பகுதியையே பாருங்கள். தோலில் வந்த செல்வம் இங்கே பள்ளிகளாயிற்று, கல்லூரிகளாயிற்று. 1965இல் தொடங்கிய கல்லூரி சி. அப்துல் ஹக்கீம் சாயபுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. என்னைப்போல எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு அந்த மாதிரி கொடையால்தான் நடந்தது. பாலாற்றின் கேட்டைப் பற்றி 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஆனால் ஆவாரம்பட்டை காலத்திலிருந்து குரோம் டிரம் காலம் வரைக்கும் தோலை ஊறப்போட்டு, மயிர் நீக்கி, சவ்வு வழித்த கைகளின் கதை யாரிடம் இருக்கிறது? 2015 சனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துப் பிள்ளைகள். அன்றைக்கு எல்லாக் கேமராவும் வந்தது. முந்தின நாள் அவர்கள் என்ன பாட்டுப் பாடினார்கள் என்று கேட்க ஒரு கேமராவும் வந்திருக்காது.

'பீ' போன்ற படங்களை நான் குறை சொல்லவில்லை. அமுதன் 2006இல் எடுத்த 'செருப்பு', செருப்புத் தைக்கும் அருந்ததியக் கிறித்தவர்களைப் பற்றியது. தோல் பகுதியில் பிறந்த நான் அதைத் தலைகுனிந்தே பார்த்தேன். அந்தப் படங்கள் தேவை. ஆனால் துயரத்தின் சாட்சியாக மட்டும் நாம் நின்றால், பண்பாடு வேறு யாருக்கோ சொந்தமானது என்று பொதுப்புத்தி முடிவு கட்டிவிடுகிறது. மேடைகளில் பறை அடிக்கும் நம் தோழர்களைப் படம் எடுக்கிறார்கள். கீழே 'பறையாட்டக் கலைஞர்கள்' என்று பன்மையில் போடுகிறார்கள். பாகவதருக்குப் பேர் உண்டு. பறைக்காரருக்குப் பன்மைதான்.

இரண்டாம் நாள் படப் பட்டியலை மாற்றினோம். ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' போட்டோம். 1997 சூலையில் பம்பாய் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டார்கள். எதிர்த்துத் திரண்ட தலித்துகளைப் போலீசு சுட்டது. 10 பேர் செத்தார்கள். அதைத் தாங்க முடியாமல் கவிஞரும் பாடகருமான விலாஸ் கோக்ரே தூக்கில் தொங்கினார். பட்வர்தன் தலித் அல்லாதவர். ஆனாலும் அந்தப் பாடகரின் சாவு ஏன் நடந்தது என்று கேட்டு 14 ஆண்டுகள் படம் எடுத்தார். 2011இல் வெளியிட்டார். கோக்ரேவின் பாட்டு இருக்கிறது, பேர் இருக்கிறது, அவருக்குப் பின்னால் பாட வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். உருது தெரிந்த பாய் ஒருவர் இந்தி வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். செருப்பு மாலை என்ற சொல் வந்தபோது தோல் ஷாப்புக்காரர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

படம் முடிந்ததும் பெரியப்பா சொன்னார்: "அது பம்பாய். நம்மூர்ல யாரு எடுக்கப் போறாங்க?"

நாம்தான் எடுக்க வேண்டும். 1928இல் மலையாளத்தின் முதல் கதைப்படத்தில் நடித்த பி.கே. ரோசியை, தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்தாள் என்பதற்காக ஊரைவிட்டே விரட்டினார்கள். படமும் மிஞ்சவில்லை. இன்றைக்கு அவர் பேரில் நீலம் பண்பாட்டு மய்யம் திரைப்பட விழா நடத்துகிறது. 2018இல் பா. ரஞ்சித் சென்னையில் தொடங்கிய கூகை திரைப்பட இயக்கம் ஒரு நூலகமாகவே தொடங்கியது. புத்தகமும் படமும் ஒரே கூரையின் கீழ் வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் பகுதியில் என்ன குறை? பேரணாம்பட்டின் அழகிய பெரியவன் இருக்கிறார். அவருடைய 'குறடு' கதை, பொன். சுதா இயக்கத்தில் 'நடந்த கதை' என்று குறும்படமானது. செருப்புப் போட்டு நடக்கும் உரிமை பற்றிய கதை அது. ஆம்பூரின் யாழன் ஆதி இருக்கிறார்.

என் தாத்தா பகலில் தோல் ஷாப்பில், ராத்திரியில் கூத்தில். கர்ணன் வேசம் கட்டினால் விடிகிற வரைக்கும் சனம் எழுந்திருக்காது என்பார்கள். அவர் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. எம்.ஏ. தமிழ் படித்தேன். யார் யாருடைய பாட்டுக்கோ பாடபேதம் எழுதினேன். என் தாத்தா பாட்டு ஒரு வரி என்னிடம் இல்லை.

ஆகவே தோழர்களே, அடுத்த விழாவுக்கு இரண்டு காரியம் செய்வோம். படம் போடுவது அரை நாள், படம் எடுப்பது அரை நாள். செல்போன் போதும். பாடுகிறவரை உட்கார வைத்து, முதலில் பேர் கேட்போம். ஊர், வாத்தியார் பேர், செய்த வேலை, வாங்கிய கூலி எல்லாம் கேட்போம். அந்தப் பதிவை நூலகத்தின் பட்டியலில் அவர் பேரிலேயே சேர்க்கச் சொல்வோம். மறுத்தால், வரி ரசீதை எடுத்துக்கொண்டு போய் நிற்போம்.

பெரியப்பாவைத்தான் முதலில் எடுக்கப் போகிறோம். அவருக்குத் துரியோதனன் வேசமாம். "மூச்சு வாங்குது, சீக்கிரம் வா நைனா" என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.