416 பெருசா, 136 பெருசா?

கிரிக்கெட் பேசுற எந்த டீக்கடையிலயும் முடியாத சண்டை ஒண்ணு உண்டு. ஜோடி சேர்ந்து அடிச்சவங்கள்ல பெரிய ஜோடி எது? நம்ம திருநெல்வேலிக்காரங்களுக்கு இந்தச் சண்டையில கலந்துக்க 2023 ஜூலையில ஒரு சொந்தக் காரணமும் கிடைச்சுது. சங்கர் நகர் மைதானத்துல ஒரு நாள் இடைவெளி விட்டு நடந்த ரெண்டு ஆட்டம். அதைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, ஒரு ஜோடியை எடை போட எனக்குத் தேவைப்படுற மூணு கேள்வியைச் சொல்லிடறேன். யாருக்கு எதிரா அடிச்சாங்க? ஒருத்தருக்கொருத்தர் என்ன செஞ்சுக்கிட்டாங்க? எந்த நிலைமையில அடிச்சாங்க?

முதல்ல பெரிய எண்ணிலிருந்து தொடங்குவோம். 2022 நவம்பர் 21, பெங்களூரு சின்னசாமி மைதானம், விஜய் ஹசாரே கோப்பை. தமிழ்நாட்டுக்கு ஓப்பனிங் இறங்கினவங்க நாராயண் ஜெகதீசனும் சாய் சுதர்சனும். முதல் விக்கெட்டுக்கு 416 ரன். ஜெகதீசன் 141 பந்துல 277, சுதர்சன் 102 பந்துல 154. அணியின் மொத்தம் 2 விக்கெட்டுக்கு 506. 50 ஓவர் ஆட்டத்துல உலகத்துல எந்த அணியும் அதுக்கு முன்னாடி 500-ஐத் தொட்டதில்லை. எந்த ஜோடியும் 400-ஐத் தொட்டதில்லை. அதுவரை பெரிய ஜோடி 2015 உலகக் கோப்பையில கிறிஸ் கெய்லும் மார்லன் சாமுவேல்ஸும் சேர்த்த 372. ஜெகதீசனுக்கு இது தொடர்ந்து அஞ்சாவது சதம் வேற.

எண்ணை மட்டும் பார்த்தா இந்த எபிசோடை இங்கேயே முடிச்சிடலாம். ஆனா அன்னிக்கு எதிரணி அருணாச்சலப் பிரதேசம். அவங்க 71 ரன்னுக்கு ஆல் அவுட். வித்தியாசம் 435 ரன். வடகிழக்கு மாநிலங்கள் பலவும் பெரிய உள்நாட்டுப் போட்டிகளுக்குள்ள வந்ததே 2018-19 சீசன்லதான், அருணாச்சலமும் அதுல ஒண்ணு. அங்கே மைதானம், பயிற்சியாளர், லீக் ஆட்டம் எல்லாம் அப்பத்தான் முளைக்கத் தொடங்குது. இங்கே சென்னை லீக்குக்குப் பின்னாடி பல தலைமுறை இருக்கு. அதனால நம்ம ஆளுங்க இப்படிச் சொல்வாங்க: “அது சின்னப் பசங்களை அடிச்சது, கணக்குல சேராது.”

அப்படி ஒரேயடியா தள்ளிடறதுக்கு முன்னாடி 1956-க்குப் போவோம். ஜனவரி மாசம், சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியம். இன்னிக்கு நேரு ஸ்டேடியம்னு சொல்றோமே, அதேதான். வினு மன்கடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தாங்க. மன்கட் 231, ராய் 173. டெஸ்ட் கிரிக்கெட்டின் ஓப்பனிங் சாதனையா அது 52 வருஷம் நின்னுது. 2008-லதான் தென்னாப்பிரிக்காவின் நீல் மெக்கென்சியும் கிரேம் ஸ்மித்தும் 415 அடிச்சு அதைத் தாண்டினாங்க. 413-ஐ யாரும் குறைச்சுப் பேசினதில்லை. நம்ம கிரிக்கெட்டின் பெருமைன்னுதான் சொல்லிக்கிட்டு வர்றோம்.

அந்த ஆட்டத்துல எதிரணி யார் தெரியுமா? நியூசிலாந்து. 1930-லிருந்து டெஸ்ட் ஆடினவங்க. மன்கடும் ராயும் அடிச்ச அந்த நாள் வரைக்கும் ஒரே ஒரு டெஸ்ட்கூட ஜெயிக்காதவங்க. ரெண்டு மாசம் கழிச்சு, 1956 மார்ச்சுல, வெஸ்ட் இண்டீஸை ஆக்லாந்துல தோற்கடிச்சு முதல் வெற்றியைப் பார்த்தாங்க. 2021-ல அதே நாடு இந்தியாவைத் தோற்கடிச்சு உலக டெஸ்ட் சாம்பியன் ஆச்சு.

அதனால என் முதல் கேள்விக்கு நான் வெச்சுக்கிட்ட பதில் இது. எதிரணி பலவீனமா இருந்தா சாதனையோட எடை குறையும், பூஜ்யம் ஆகாது. 413-க்கு ஒரு நியாயம், 416-க்கு ஒரு நியாயம்னு வைக்கக் கூடாது. அடி வாங்கற அணியும் அதே ஸ்கோர் அட்டையிலதான் தன் வரலாற்றைத் தொடங்குது.

ரெண்டாவது கேள்வி, ஒருத்தருக்கொருத்தர் என்ன செஞ்சுக்கிட்டாங்க. இதைப் புரிஞ்சுக்க அமெரிக்காவின் பேஸ்பாலுக்குக் கொஞ்சம் போயிட்டு வரணும். அங்கே ரெண்டு பேர் ஒரே நேரத்துல மட்டையோட நிக்க மாட்டாங்க, வரிசையா ஒவ்வொருத்தரா வருவாங்க. ஆனாலும் ஜோடி உண்டு. 1927-ல நியூயார்க் யாங்கீஸ் அணியில மூணாவதா பேப் ரூத், நாலாவதா லூ கெரிக். ரூத் அந்த சீசன்ல 60 ஹோம் ரன், கெரிக் 47. மொத்தம் 107. 1961-ல அதே யாங்கீஸ் அணியில ரோஜர் மாரிஸ் 61, மிக்கி மேன்டில் 54. மொத்தம் 115.

பேஸ்பால்ல ஒரு தந்திரம் இருக்கு. பயங்கரமா அடிக்கிறவர் வந்தா, மட்டைக்கு எட்டாத இடத்துல நாலு பந்தை வேணும்னே போட்டு, “நீ அடிக்கவே வேண்டாம், முதல் பேஸுக்கு நடந்து போ”ன்னு அந்தக் காலத்துல அனுப்பிடுவாங்க. 61 ஹோம் ரன் அடிச்ச மாரிஸை அந்த 1961 சீசன் முழுக்க ஒரு தடவைகூட யாரும் அப்படி வேணும்னே அனுப்பலை. ஏன்னா அவருக்கு அடுத்து வர்றது மேன்டில். மாரிஸை நடக்க விட்டா, பேஸ்ல ஒரு ஆள் நிக்கும்போது மேன்டிலுக்குப் பந்து போடணும். மட்டையைத் தூக்காமலே மேன்டில் பக்கத்து ஆளுக்கு நல்ல பந்து வாங்கிக் கொடுத்தார். ஜோடிங்கிறதுக்கு எனக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தெரியலை.

கிரிக்கெட்லயும் இது உண்டு, கண்ணுக்குச் சட்டுனு படாது. ஜெகதீசன் வலது கை, சுதர்சன் இடது கை. ஒரு ரன் ஓடினாலே பவுலர் லைனை மாத்தணும், கேப்டன் ஆட்களை இடம் மாத்தணும். 277 அடிச்சவருக்கு அந்த நாள் அவ்வளவு லேசாப் போனதுல 154-க்கும் பங்கு இருக்கு.

இதுல இன்னொரு விஷயத்தையும் கவனிச்சேன். 2008 நவம்பர்ல நாசிக்ல மகாராஷ்டிராவுக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்துல முரளி விஜயும் அபினவ் முகுந்தும் முதல் விக்கெட்டுக்கு 462 சேர்த்தாங்க. விஜய் 243. 18 வயசு முகுந்த் ஆட்டமிழக்காம 300. அந்த ஆட்டம் முடியறதுக்குள்ளேயே விஜய்க்கு அழைப்பு வந்தது. நாக்பூர்ல ஆஸ்திரேலியாவுக்கு எதிரா டெஸ்ட் அறிமுகம். முச்சதம் அடிச்ச முகுந்த் 2011 வரை காத்திருந்தார். 416 ஜோடியிலும் அதே கதைதான். இந்தியாவுக்கு முதல்ல ஆடினது 277 அடிச்ச ஜெகதீசன் கிடையாது, 154 அடிச்ச சுதர்சன். 2023 டிசம்பர்ல ஒருநாள் அணி, 2025 ஜூன்ல டெஸ்ட் அணி. தேர்வுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், யார் மேலயும் குறை சொல்லலை. ஆனா ஜோடியா உழைச்சாலும் கூலி ஜோடியா வர்றதில்லை. மொத்த ரன்னைப் பார்த்து யாரும் தொப்பி கொடுக்கறதில்லை.

மூணாவது கேள்வி, எந்த நிலைமையில. 1999 ஜனவரி, சேப்பாக்கம், பாகிஸ்தான். இந்தியாவுக்கு இலக்கு 271. 82 ரன்னுக்கு அஞ்சு விக்கெட் போயாச்சு. பந்து போடறது வாசிம் அக்ரம், வக்கார் யூனிஸ், சக்லைன் முஷ்டாக். சச்சினுக்கு முதுகு வலி. எதிர்ல விக்கெட் கீப்பர் நயன் மோங்கியா. ரெண்டு பேரும் ஆறாவது விக்கெட்டுக்கு 136 சேர்த்தாங்க. அதுல மோங்கியா 52. அவர் போனப்போ ஸ்கோர் 218. சச்சின் 136 அடிச்சுட்டு அவுட் ஆனப்போ 254, இன்னும் 17 வேணும். 258-ல எல்லாம் முடிஞ்சுது. 12 ரன்ல தோல்வி.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் இழுத்தவங்களுக்கு ஒண்ணு தெரியும். வடம் பிடிக்க ஆயிரம் கை இருந்தாலும், சக்கரத்துக்குக் கட்டை போடறவர் இல்லேன்னா தேர் முனையில திரும்பாது. எல்லார் கண்ணும் வடத்து மேல இருக்கும், கட்டைக்காரரை யாரும் பார்க்க மாட்டாங்க. மோங்கியாவின் 52 அந்தக் கட்டை.

இப்போ நம்ம ஊருக்கு வரலாம். மதுரை ரோட்டுல தாழையூத்து. சுண்ணாம்புக்கல் இருந்ததால இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை 1949-ல அங்கே வந்துச்சு, ஆலையை ஒட்டி சங்கர் நகர் வளர்ந்துச்சு. அந்த நிறுவனத்து மைதானத்துலதான் 2016-லிருந்து தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடக்குது. பெரிய கிரிக்கெட்னா சென்னைக்கு ரயில் ஏறணும்னு இருந்த தாமிரபரணிக் கரைப் பசங்களுக்கு, டிவியில வர்ற ஆட்டம் பஸ் போற தூரத்துக்கு வந்தது அப்பத்தான்.

2023 ஜூலை 10. நெல்லை ராயல் கிங்ஸும் திண்டுக்கல் டிராகன்ஸும் மோதுன ரெண்டாவது தகுதிச்சுற்று. கடைசி 12 பந்துல நெல்லைக்கு 37 ரன் வேணும். களத்துல அஜிதேஷ் குருசாமியும் ரித்திக் ஈஸ்வரனும். 19-வது ஓவர்ல மட்டும் 33 ரன். நெல்லை ஜெயிச்சுது. ரித்திக் 11 பந்துல 39, அஜிதேஷ் ஆட்டமிழக்காம 73. ஜூலை 12, அதே மைதானம், இறுதிப் போட்டி. கோவை 205 அடிச்சுது. நெல்லை 101-க்கு ஆல் அவுட்.

“கோப்பை போச்சே, அப்புறம் என்ன ஜோடி”ன்னு கேக்கறவங்களுக்கு என் பதில் இந்த மூணு கேள்விதான். எதிரணி பலமானது. ஒருத்தர் நிலைச்சு நின்னதாலதான் இன்னொருத்தர் வந்ததும் வீச முடிஞ்சுது. நிலைமை அதைவிட மோசமா இருக்க முடியாது. மூணுலயும் தேறுது. இறுதிப் போட்டியில தோத்தது அந்தப் 19-வது ஓவரைக் குறைச்சிடாது.

சரி, என் தீர்ப்பு. எண்ணிக்கையில 462-ம் 416-ம் பெருசு, அதுல பேச்சே இல்லை. எடையில நான் முதல்ல வைக்கிறது சேப்பாக்கத்துல தோத்த அந்த 136. பலத்துல மூணு பக்கமும் நெருக்கடி இருந்து, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தாங்கினது அங்கேதான். சங்கர் நகர் ஓவருக்கு, ஊர்ப் பாசத்தைக் கழிச்சுட்டே, ஒரு இடம் கொடுப்பேன். நீங்க வேற வரிசை வைக்கலாம். ஆனா அடுத்த தடவை டீக்கடையில யாராவது மொத்தத்தை மட்டும் சொன்னா, எதிர்ல யார் நின்னாங்க, பக்கத்துல யார் நின்னாங்கன்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.