கட்டத்துக்கு வெளியே நிற்கும் எண்கள்

ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். உள்ளே ஓர் எண்கூட இல்லை. வெளி விளிம்பில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில எண்கள் நிற்கின்றன. நாளிதழ் சுடோகுவுக்குப் பழகிய கண்ணுக்கு இது முதலில் அச்சுப்பிழையாகவே தோன்றும். ஆனால் இன்று சுடோகு ஆர்வலர்கள் பெரிதும் மதிக்கும் புதிர்களில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. இவை உருவான வரலாற்றைத் தொடர்ந்து சென்றால், அது ஆக்கியோன் பெயர் தொலைந்து மீண்ட கதையாகவும் இருப்பதைக் காணலாம்.

சுடோகு என்ற பெயர் ஜப்பானியம். ஆனால் பிறப்பிடம் அமெரிக்கா. நிரையிலும் நிரலிலும் ஒரே குறி இருமுறை வராத சதுரங்களை 18ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் ஆராய்ந்திருந்தார். 1890களில் பிரெஞ்சு நாளிதழ்கள் இதற்கு நெருங்கிய எண் சதுரங்களைப் புதிராக வெளியிட்டதும் உண்டு. எனினும், நிரை, நிரல், மூன்றுக்கு மூன்று சிறுசதுரம் ஆகிய மூன்றிலும் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணும் ஒருமுறையே வர வேண்டும் என்ற இன்றைய வடிவம், 1979 மே மாதம் டெல் நிறுவனத்தின் புதிர் இதழொன்றில் 'நம்பர் பிளேஸ்' என்ற தலைப்பில் வந்தது. அதன் கீழே ஆக்கியவர் பெயர் இல்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் புதிர்ப்பகுதி ஆசிரியர் வில் ஷார்ட்ஸ் பழைய இதழ்களைப் புரட்டி அப்பெயரைத் துப்பறிந்தார். 'நம்பர் பிளேஸ்' இடம்பெற்ற இதழ்களின் பங்களிப்பாளர் பட்டியலில் ஹாவர்ட் கார்ன்ஸ் என்ற பெயர் இருந்தது. இடம்பெறாத இதழ்களில் அப்பெயரும் இல்லை. இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் அவர். புதிர் வெளியானபோது வயது 74. தம் படைப்பு உலகெங்கும் பரவப்போவதை அறியாமல் 1989இல் இறந்துபோனார்.

1984இல் ஜப்பானின் நிகோலி நிறுவனம் இப்புதிரை எடுத்துக்கொண்டது. எண்கள் தனித்தே இருக்க வேண்டும் என்று பொருள்படும் ஒரு நீண்ட ஜப்பானியத் தொடரே சுருங்கிச் 'சுடோகு' ஆயிற்று. நிறுவனத்தின் மாகி காஜி (மறைவு 2021) சூட்டிய பெயர் அது. தொடக்க எண்கள் 32க்கு மிகக்கூடாது, அவை கட்டத்தில் சமச்சீராக அமைய வேண்டும் என்ற நெறிகளை நிகோலி வகுத்தது. புதிரைக் கையால் ஆக்குவதையே அது பெருமையாகக் கொண்டிருந்தது.

அடுத்த திருப்பம் கணினியால் நேர்ந்தது. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற நியூசிலாந்துக்காரர் வெய்ன் கோல்ட், 1997இல் டோக்கியோ புத்தகக் கடையொன்றில் சுடோகுவைக் கண்டார். அதை ஆக்கித் தரும் மென்பொருளை எழுத அவருக்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் பிடித்தன. 2004 நவம்பர் 12 அன்று லண்டன் டைம்ஸ் அவருடைய புதிரை வெளியிட்டது. அடுத்த ஆண்டே சுடோகு உலகக் காய்ச்சலாயிற்று. ஆனால் நாள்தோறும் நாம் நிரப்பிய கட்டங்களில் பலவற்றுக்கு இப்போது ஆக்கியோனே இல்லை. பொறி பொழிந்துகொண்டிருந்தது.

கைவினை மீண்டது விதிகளைப் பெருக்கியவர்களால் எனலாம். 2006இல் இத்தாலியின் லூக்கா நகரில் தொடங்கி, 2017இல் பெங்களூரிலும் நடந்த உலக சுடோகு போட்டிகளில் மாற்று வடிவங்களுக்குத் தனியிடம் உண்டு. அவற்றுள் ஒரு கிளைதான் வெளிக்குறிப்புகள். 'சாண்ட்விச்' விதியில், வெளியே நிற்கும் எண் அந்த வரிசையில் 1க்கும் 9க்கும் இடையில் அகப்பட்ட எண்களின் கூட்டுத்தொகை. 2019இல் கார்டியன் இதழில் அலெக்ஸ் பெல்லோஸ் எழுதிய பின் இது பரவலாயிற்று. 'எக்ஸ் சம்' விதியில், முதல் அறையில் எந்த எண் வருகிறதோ அத்தனை அறைகளைக் கூட்டினால் வெளியிலுள்ள எண் கிடைக்க வேண்டும். 'ஸ்கைஸ்கிரேப்பர்' விதியில், எண்களைக் கட்டட உயரங்களாகக் கொண்டு, அந்த முனையிலிருந்து பார்த்தால் எத்தனை கட்டடங்கள் கண்ணில் படும் என்பது குறிப்பு. உயர்ந்தது தனக்குப் பின்னாலுள்ள தாழ்ந்தவற்றை மறைத்துவிடும்.

மூன்றும் ஒரே நிரையில் கூடினால் என்ன ஆகும்? இடப்பக்கத்தில் எக்ஸ் சம் 3 என்று கொள்வோம். முதல் எண் 1 என்றால் தொகை 1 தான். 3 அல்லது அதற்கு மேல் என்றால் தொகை 6க்குக் குறையாது. ஆகவே முதல் இரு எண்கள் 2, 1. சாண்ட்விச் குறிப்பு 0 என்றால் 1ஐ ஒட்டியே 9 நிற்க வேண்டும். மூன்றாம் அறை 9. வலப்பக்க ஸ்கைஸ்கிரேப்பர் குறிப்பு 7. எஞ்சிய ஆறும் 9உம் சேர்ந்து ஏழும் தெரிய வேண்டுமானால், அவை வலமிருந்து ஏறுவரிசையில் நின்றாக வேண்டும். 2, 1, 9, 8, 7, 6, 5, 4, 3. உள்ளே ஓர் எண்ணும் தராமலே நிரை முழுதும் நிரம்பிவிட்டது.

வழக்கமான சுடோகுவில் இது இயலாது. ஒரே விடை கிடைக்கக் குறைந்தது 17 எண்கள் தரப்பட வேண்டும் என்பதை 2012இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மெக்வயர் குழு கணினியின் துணையால் நிறுவியது. விதிகளைக் கூட்டுபவர்கள் அந்த எல்லையைத் தாண்டுகிறார்கள். ஒரே விடைதானா என்று சரிபார்க்க இவர்களும் மென்பொருளை நாடுவதுண்டு. ஆனால் எந்தக் குறிப்பை எங்கே வைத்தால் தீர்ப்பவர் ஒரு கணம் திகைத்து, பிறகு புன்னகைப்பார் என்பது இன்னும் மனிதத் தீர்மானமாகவே இருக்கிறது.

இத்தகைய புதிர்களைக் காணொளியில் தீர்த்துக்காட்டிப் புகழ்பெற்ற சைமன் அந்தோனி, மார்க் குட்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர், புதிரைத் தொடுமுன் ஆக்கியவர் பெயரைச் சொல்வது வழக்கம். நம் நன்னூல் பாயிர இலக்கணமும் ஒரு நூலைப் பற்றிச் சொல்ல வேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரைத்தான் முதலில் வைக்கிறது. அந்த முதல் வரி ஹாவர்ட் கார்ன்ஸுக்கு அவர் வாழ்ந்தபோது வாய்க்கவில்லை. அடுத்த முறை வெற்றுக் கட்டமொன்று கண்ணில் பட்டால், விளிம்பு எண்களைப் பார்க்குமுன் அதை ஆக்கியவரின் பெயரைத் தேடிப் படிப்போம்.